நாலே கால் அடி

என் அண்ணன் வாயைத் திறந்தால் அண்ணியின் ஒரு வார உழைப்பு போச்சு. கோபத்தில் சொல்லவில்லை, பதினாறு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணன் பெயின்டிங் கான்ட்ராக்டர். வீடு, கடை, பள்ளிக்கூடம் எதுவானாலும் பெயின்ட் அடித்துத் தருவான். சின்னச் சின்னக் கட்டட வேலையும் எடுப்பான். ஒரு வேலைக்கு என்ன ஆகும், எத்தனை நாள் பிடிக்கும் என்று எஸ்டிமேட் போடுவது அண்ணி. அதை டைப் அடித்துக் கொடுப்பது நான். பகலில் அச்சகத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன், சாயங்காலம் வீட்டிலும் இதேதான். அண்ணி ஒரு வீட்டை இரண்டு நாள் அளப்பாள், மூன்று நாள் உட்கார்ந்து எழுதுவாள். நான் பிழை திருத்தி அச்செடுத்த தாளை அண்ணன் வீட்டுக்காரரிடம் நீட்டுவான். அவர் முகத்தைச் சுளிப்பார். அவ்வளவுதான். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், நமக்குள்ள என்ன" என்று இவன் சொல்லிவிடுவான். முப்பது நாள் வேலை இருபது நாளாகிவிடும். மூன்று கோட் இரண்டாகிவிடும். வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காதது போலச் செருப்பைக் கழற்றுவான்.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ஒரு தையல் கடையில் அளவெடுக்கிற வேலையில் இருந்தாள். வந்த புதிதில் அண்ணன் எஸ்டிமேட் சொல்கிற அழகைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. வாசற்படியில் நின்று, கண்ணைப் பாதி மூடி, உத்தரத்தை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ சாமி வந்தவன் மாதிரி ஒரு எண்ணைச் சொல்லுவான். மூன்றாவது நாள் அவனிடம் கேட்டாள்: "சட்டைக்கு அளவு தப்பாப் போனா ஒரு சட்டைதான் வீணாப் போகும். நீங்க வீட்டுக்கே இப்படிக் கண்ணால அளவெடுக்கிறீங்களே?" அன்றைக்கு டேப்பைக் கையில் எடுத்தவள்தான்.

சுவரின் நீள அகலத்தைப் பெருக்கிவிட்டு வருகிற ஆள் இல்லை அவள். ஜன்னலைக் கழிப்பாள், ஜன்னலின் உள்பக்க ஓரங்களைக் கூட்டுவாள். புதுச் சுவர் எவ்வளவு பிரைமர் குடிக்கும், பழைய சுவரைச் சுரண்ட எத்தனை ஆள் வேண்டும், பீரோவை நகர்த்த எவ்வளவு நேரம், எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் 'நிற மாற்றம், இரண்டு நாள்' என்று ஒரு வரி நிச்சயம் உண்டு. அது என்ன என்று முதல் தடவை டைப் அடிக்கும்போது கேட்டேன். "பாதிச் சுவர் அடிச்சதும் வீட்டுக்காரங்களுக்கு மனசு மாறும். அதுக்கு" என்றாள். ஒரு வீட்டில்கூட அந்த வரி பொய்யானதில்லை. வேலையாட்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை 'அங்குலம்' என்பார்கள். "அங்குலம் வருது, சாரத்தை விட்டு இறங்கு" என்று ஒருவன் சொன்னதை அவளே கேட்டிருக்கிறாள். "அரை அங்குலம்னு சொல்லாம விட்டானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவளை ஒரு கணக்கு வாத்தியார் பாடாய்ப் படுத்திய கதை இது.

வாத்தியார் ஓய்வு பெற்று ஆறேழு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பத்தோடு வரப்போகிறான், அதற்குள் வீட்டை அடித்துத் தர வேண்டும் என்று கடைத்தெருவில் அண்ணனைப் பிடித்திருக்கிறார். "பதினஞ்சு நாள்ல பளிச்சுனு ஆக்கிடலாம் சார்" என்று இவன் வீட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீடு எத்தனை ரூம்னாவது கேட்டீங்களா?"

"கேக்காம என்ன, சின்ன வீடுதான்."

"எவ்வளவு சின்னது?"

"சின்னதுன்னா சின்னதுதான். அதுக்கும் ஒரு அளவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி அளக்கப் போனாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நானும் போனேன்.

வீடு சுத்தமாக இருந்தது. முன்னறையின் பின்சுவரைத் தவிர. அந்தச் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சில இடங்களில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. ஒரு மேசையை இழுத்துப்போட்டு மறைத்திருந்தார்கள், மறையவில்லை. "வருஷா வருஷம் அடிக்கிறேன். எட்டு பேரை மாத்திட்டேன், ஒருத்தனும் நல்ல பெயின்ட்டா அடிக்கிறதில்ல" என்றார் வாத்தியார். அண்ணி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து வைத்தாள். குளிர்ந்து கிடந்தது.

"மழைக்காலம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே சார். இந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? நடு ரூம்தான்."

நாங்கள் நடு அறைக்குப் போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கத்துச் சுவர் காய்ந்து, நன்றாக இருந்தது. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி. அண்ணி டேப்பை விரித்தாள். முன்னறையை அளந்தாள், பதினாறு அடி இரண்டு அங்குலம். நடு அறை பதினொன்றரை அடி. வெளியே வந்து பக்கத்துச் சந்தில் வீட்டின் முழு நீளத்தையும் அளந்தாள். முப்பத்து நாலு அடி இரண்டு அங்குலம். அந்தப் பக்கம் இருப்பதே இந்த இரண்டு அறைகள்தான், சமையலறை மறுபக்கம். சந்திலேயே நின்று நோட்டில் கூட்டினாள். இரண்டு அறையும் மூன்று சுவர்களின் கனமும் சேர்ந்து முப்பது அடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

"நாலே கால் அடி காணோம்" என்றாள்.

"அண்ணி, நான் டேப்பைச் சரியாப் பிடிக்கல போல இருக்கு."

"நீ நாலே கால் அடி தள்ளியா பிடிச்சிருப்ப?"

சந்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சதுர இடத்தில் மட்டும் பூச்சு வேறு மாதிரி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே வந்து ஈரச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, கதவத் தட்டுற மாதிரி தட்டுறீங்க? உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார் வாத்தியார். சமையலறைப் பக்கம் நின்றிருந்த அவருடைய மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாத்தியார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இருமல் நின்றது.

அண்ணி நோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கூட்டல் சரி, கழித்தல் சரி. "அளவுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும்" என்றார்.

"நீங்க கணக்கு வாத்தியார்தானே சார்? ஒரு பையன் விடைய நாலே கால் அடி முன்ன பின்ன எழுதினா மார்க் போடுவீங்களா?"

"நீங்க பெயின்ட் அடிக்க வந்தீங்களா, வீட்டைப் பத்திரப் பதிவு பண்ண வந்தீங்களா?" என்று அவர் எழுந்தே விட்டார்.

மறுபடி புதன்கிழமை போய் அளந்தோம். அதே நாலே கால் அடி. சனிக்கிழமை மூன்றாவது தடவை போனபோது வாத்தியார் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்தார்: "அளந்தது போதும், எஸ்டிமேட்டைக் குடுங்க!"

வீட்டில் அண்ணன் வேறு. "ஊர் உலகத்துல எவனாவது பெயின்ட் அடிக்கிறதுக்கு மூணு தடவை அளப்பானா? உனக்கு டேப்பு பைத்தியம் பிடிச்சிருக்கு."

"அந்தச் சுவர் தண்ணி குடிக்குதுங்க. எங்கிருந்து குடிக்குதுன்னு தெரியாம அது மேல பெயின்ட் அடிச்சா, ஈரத் துணியைக் காயப் போடாம மடிச்சு வெக்கிற மாதிரி."

"வாட்டர் ப்ரூஃப் அடிச்சா நிக்கும்."

"எட்டு பேர் அடிச்சிருக்காங்க. எட்டும் நிக்கல."

"நான் ஒன்பதாவது ஆள்" என்றான் அண்ணன், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

அன்று அண்ணி சொல்லச் சொல்ல எஸ்டிமேட்டை டைப் அடித்தேன். முன்னறையின் மற்ற சுவர்கள் இத்தனை சதுர அடி, நடு அறை இத்தனை, ஜன்னல் கதவு இத்தனை. பின்சுவர் வந்ததும் நிறுத்தினாள். "போடு. பின்சுவருக்குப் பெயின்ட் அடிக்க இயலாது. முதலில் சுவரைத் திறந்து பார்க்கவும்."

"எத்தனை சதுர அடின்னு போடட்டும் அண்ணி?"

"அங்க ஒரு கோடு போடு."

இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தார் மனுஷர். பின்சுவர் வரியைச் சுற்றி வட்டம் போட்டு 'தேவையற்றது' என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போனதைச் சேர்த்து, மேலே ஓரத்தில் 'கவனம்' என்று எழுதியிருந்தார். இருபது வருடம் அச்சகத்தில் இருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணியின் கோபம் எவ்வளவோ தேவலை.

அண்ணி தாளை அண்ணனிடம் கொடுத்தாள். "அந்தச் சுவர் எனக்குத் தெரியாது. நீங்களாச்சு, வாத்தியாராச்சு." அதன் பிறகு வேலை முடியும்வரை அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அண்ணன் பதினான்கே நாளில் முடித்தான். பின்சுவருக்கு ஒன்றுக்கு இரண்டாக வாட்டர் ப்ரூஃப் அடித்து, பட்டி பூசிச் சமனாக்கி, உப்புத்தாள் தேய்த்து, மேலே இளமஞ்சள் அடித்தான். உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. செல்போனில் படம் பிடித்து வந்து சாப்பாட்டு நேரத்தில் அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் படத்தைப் பார்க்காமல் மோர்ப் பாத்திரத்தை அதன் மேல் நகர்த்தி வைத்தாள்.

அடித்து முடித்த ஒன்பதாம் நாள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். பன்னிரண்டாம் நாள் முழங்கால் உயரத்துக்குத் தோல் உரிந்தது. வாத்தியார் போன் மேல் போன் போட்டார். அண்ணன் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தான். அரிசி அளக்கப் போன நான்தான் கண்டுபிடித்தேன். மகன் வர ஆறு நாள் இருந்தது. அன்று காலை வாத்தியார் நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன.

"எங்கய்யா அந்த ஆளு? தண்ணி கலந்து அடிச்சிருக்கான்!"

அண்ணி ஈரத் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்க சார், போய்ச் சுவரைப் பாக்கலாம்" என்றாள். உள்ளே திரும்பி, "நீங்களும் வாங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணனையும் கூப்பிட்டாள்.

முன்னறையில் ஒரே கூச்சல். பெயின்ட் சரியில்லை என்று வாத்தியார். சுவர் சரியில்லை என்று அண்ணன். "ரசீதைக் காட்டவா?", "சுவரைக் கட்டினவன் யாரு தெரியுமா?", "என் இருபது வருஷ சர்வீஸ்ல..." இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கவே இல்லை. அண்ணி நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படிக் களைத்துப்போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சார். ஒரே ஒரு கேள்வி. மூணு தடவை வந்து கேட்டேன், இது நாலாவது. அந்த நாலே கால் அடி எங்க?"

வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

அப்போது அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். கையிலிருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே கணவருக்கு எதிரில் வந்து நின்றார்.

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ உள்ள போ."

"பதினோரு வருஷமா உள்ளதான் போயிட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மா. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

விருந்தாளிகளுக்கென்று முன்னறையை ஒட்டி ஒரு குளியலறை கட்ட வாத்தியாருக்கு ஆசை. கொத்தனார் பிளான் போடட்டும் என்று இந்த அம்மா சொன்னதற்கு, இதற்கெல்லாம் கொத்தனார் எதற்கு, வடிவியல் தெரிந்தால் போதும் என்று வாத்தியார் தானே ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறார். வரைந்தபடியே கட்டியும் ஆயிற்று. தரையின் சரிவு வெளிப்பக்கம் போவதற்குப் பதிலாக முன்னறைப் பக்கம் வந்தது; ஊற்றிய தண்ணீர் சோபாவுக்கு அடியில் போய் நின்றது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. திறந்தால் கழிப்பறைப் பீங்கானில் இடித்தது.

"முதல் ஆளா என் தம்பி போனான். அவன் கொஞ்சம் குண்டு. எப்படியோ உள்ள நுழைஞ்சு கதவைச் சாத்திட்டான். திறக்க முடியல. கதவு திறக்கணும்னா அவன் நகரணும், அவன் நகர இடமில்ல. ஒரு மணி நேரம் கழிச்சு கதவையே கழட்டித்தான் அவனை வெளிய எடுத்தோம். அவன் சும்மா இருப்பானா? சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டான். அடுத்த வாரம் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், கதவு இருந்த இடத்துல சுவர், சந்துப் பக்கத்துச் சின்ன ஜன்னலையும் காணோம். குளியலறை எங்கங்கன்னு கேட்டா, 'எந்தக் குளியலறை'ன்னு என்னையே கேக்குறாரு!"

அண்ணன் முதலில் சிரித்தான். அண்ணி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"உள்ள போற பைப்பை அடைச்சீங்களா சார்?" என்றாள் அண்ணி.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடைக்கணும்னா பிளம்பரைக் கூப்பிடணும். பிளம்பர் கேப்பான்."

"மூணு தடவை டேப்போட வந்தேனே சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க?" அவர் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"ஒரு ஆளு, ஒரு நாள், ரெண்டு அடி பைப்புன்னு நினைச்சிருப்பேன்" என்றாள் அண்ணி. எரிச்சலில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அவ்வளவுதான் சார் நினைச்சிருப்பேன்."

மத்தியானம் கொத்தனார் வந்து சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு உடைத்தார். உள்ளே இருட்டும் பாசி வாடையும். குழாய் மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த பக்கெட் நிரம்பி, தண்ணீர் விளிம்பில் வழிந்து, வாத்தியார் கொடுத்த சரிவில் அழகாக நடந்து வந்து முன்னறைச் சுவரின் காலடியில் தேங்கியது. அலமாரியில் ஒரு புதுச் சோப்பு, மேல்தாள்கூடப் பிரிக்காமல், உள்ளேயே கரைந்து கூழாகிக் கிடந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதை எவ்வளவு நாள் தேடினேன் தெரியுமா" என்றார்.

மகன் வந்தபோது முன்னறையில் பெரிய ஓட்டையும் செங்கல் குவியலும் இருந்தன. சுவர் காய ஆறு வாரமாவது வேண்டும் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை யாரும் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. அவள் உள்ளே புதுச் சரிவுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் எட்டிப் பார்த்தான். "என்னப்பா இது?" என்று கேட்டான். வாத்தியார் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "உங்களுக்காகப் புதுசா ஒரு குளியலறை கட்டுறேன்டா. ரொம்ப நாளா யோசனை."

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். மகன், "நல்ல ஐடியாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். எல்லாம் முடிந்த அன்று அந்த அம்மாவின் தம்பியை வரவழைத்து உள்ளே அனுப்பி, சாத்தித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அண்ணி வேலை முடிந்ததாக எழுதச் சொன்னாள். அந்தச் சுவர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

இந்தக் கதை தெருத் தெருவாகப் பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அரிசி டப்பாவில் போனை ஒளித்தவன்தான். இப்போது எந்த வீட்டில் சுவர் ஈரமானாலும் அண்ணிக்குத்தான் போன் வருகிறது. "நான் என்ன குறி சொல்றவளா?" என்று எரிந்து விழுவாள். ஆனாலும் போவாள். அளப்பதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இந்த வீட்டுல எதையாவது மூடி வெச்சிருக்கீங்களா?" எல்லோரும் உடனே "இல்லையே" என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது வீட்டுக்காரரின் கண் எந்தச் சுவர்ப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்குத்தான் இப்போதெல்லாம் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.